நான்காம் நாள் நீலக்கோடு

இந்த நாற்காலி வசதியாக இருக்கிறது ஐயா. பன்றிப் பண்ணையில் பதினோரு வருடம் நின்றே வேலை பார்த்தவனுக்கு உட்கார்ந்து பேசுவதே ஒரு சுகம்தான். ஒன்றும் விடாமல் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

நான் அங்கே மேற்பார்வையாளன். முதலாளி எப்போதாவது வருவார், மூக்கைப் பொத்திக்கொண்டே திரும்பிவிடுவார். ஆயிரத்து நூறு பன்றிகளுக்கும் நான்தான் எல்லாம். தீவனத்தில் தினமும் கொஞ்சம் ஆன்டிபயாடிக் தூள் கலப்பேன். நோய்க்காக அல்ல, நோய் வராமலிருக்க. சதையும் சீக்கிரம் பிடிக்கும். அப்படியும் ஒன்று படுத்துவிட்டால் அதே மருந்தை மூன்று நாள் ஊசியாகப் போடுவேன். நான்காம் நாள் காலை தேறவில்லையென்றால் முதுகில் நீல மையால் ஒரு கோடு, அன்றே அதன் கதை முடிந்துவிடும். அதற்கென்று நெற்றியில் வைத்து அழுத்தும் துப்பாக்கி இருக்கிறது. குண்டு கிடையாது, ஓர் இரும்புக் கம்பி விரல் நீளத்துக்கு உள்ளே பாய்ந்து திரும்பும். குட்டிகளுக்கு அதுவும் வேண்டாம். பின்னங்காலைப் பிடித்துத் தரையில் ஒரே அடி. ஒருநாள் முப்பத்தெட்டு அடித்துவிட்டுக் கை கழுவிச் சாப்பிடப் போனேன். எந்த உயிரையும் வதைபட விடக்கூடாது என்பது என் கட்சி.

கோடு போடுவது என் தங்கை புருஷனின் வேலை. வாய் ஓயாத ஆள். பன்றியின் முதுகில் தட்டி, “டிக்கெட் எடுத்தாச்சு, கெளம்பு” என்பான். எனக்கே சிரிப்பு வந்துவிடும். அவனை எனக்குப் பிடிக்கும் ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போன மாதம் கால்நடை மருத்துவர் அம்மா வந்து, பன்றிகளின் மூக்கிலும் எங்கள் இருவர் மூக்கிலும் பஞ்சுக் குச்சி விட்டு எடுத்துப் போனார். திரும்பி வந்தபோது முகம் சரியில்லை.

“நீங்க போடுற மருந்துக்கு இந்தக் கிருமி சாகாது. வருஷக்கணக்கா அதோடயே வளர்ந்து பழகிடுச்சு. உங்க ரெண்டு பேர் மூக்குலயும் இருக்கு. காயம் பட்டு வீங்கினா நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. பன்றிப் பண்ணையில வேலைன்னு சொன்னா வேற மருந்து குடுப்பாங்க” என்றார்.

அப்படி யாராவது படுத்தால் பண்ணைக்குப் பூட்டுப் போட்டு அத்தனை பன்றிகளையும் புதைக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

பத்தே நாளில் ஒரு தாய்ப்பன்றி மாப்பிள்ளையின் கையைக் கடித்தது. கை முழங்கைவரை வீங்கிச் சிவந்து கொதித்தது.

“மச்சான், ஆஸ்பத்திரிக்குப் போயிடுவோம். அந்த டாக்டரம்மா சொன்னாங்கல்ல?”

“நாம பாக்காத வீக்கமா மாப்ள? மூணு நாள் பொறு.”

நோய்ப்பட்ட பன்றிகளை அடைக்கும் அறையைக் கழுவி அவனுக்குப் படுக்கை போட்டேன். எடை மேடையில் ஏற்றினேன், எழுபத்தொரு கிலோ. அதற்குத் தக்க அளவு மருந்தைக் கழுத்தில் குத்தினேன். பன்றிக்குக் கழுத்தில்தான் போடுவோம், கைப்பழக்கம்.

இரண்டாம் நாள் குளிரில் அவன் பற்கள் அடித்துக்கொண்டன. மூன்றாம் நாள் தட்டுத்தடுமாறி எழுந்து வெளியே போகப் பார்த்தான். இரும்புக் கதவைச் சாத்தினேன். அவன் விரல்கள் இடையில் இருந்தன. மறுபடியும் சாத்தினேன். பிறகு தாழ்ப்பாள் சரியாக விழுந்தது.

அன்று மதியம் தங்கை சாப்பாட்டோடு வந்தாள். “அண்ணா, அவர் எங்க? போனே எடுக்கலையே.”

“தீவனம் ஏத்த வெளியூர் அனுப்பியிருக்கேம்மா. நாளைக்கு வந்துடுவார்.”

கொண்டுவந்ததை வீணாக்க வேண்டாமென்று நானே சாப்பிட்டேன். அவள் கைப்பக்குவம் நன்றாக இருக்கும்.

நான்காம் நாள் காலை மாப்பிள்ளையின் சட்டை முதுகில் கோடு போட்டேன். மையின் வாடையை அவன் உடனே அறிந்துகொண்டான். “மச்சான், எனக்கா?” என்று திரும்பினான். துப்பாக்கியைப் பார்த்ததும் பாய்ந்து என் மணிக்கட்டைக் கடித்தான். முதல் முறை இடம் தவறிக் கம்பி கன்னத்தில் பாய்ந்து பற்களை உடைத்தது. வாய் நிறைய ரத்தத்தோடு தங்கையின் பெயரைச் சொல்ல முயன்றான். பின்னந்தலையைச் சுவரில் இரண்டு தடவை மோதிக் கீழே தள்ளி, நெஞ்சில் முட்டி போட்டு, இரண்டாம் முறை சரியாக வைத்தேன். மனிதனின் நெற்றி பன்றியுடையதைவிட மெல்லியது. கால்கள் கொஞ்ச நேரம் உதைத்தன, எல்லாவற்றுக்கும் அப்படித்தான். பிறகு குழாய் வைத்துத் தரையைக் கழுவினேன். அவன் வதைபடவில்லை என்று தங்கையிடம் சொல்லுங்கள்.

சாகக் கிடந்தவனுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். அன்று காலை நான் கதவைத் திறந்தபோது அவன் எழுந்து உட்கார்ந்திருந்தான். கட்டி தானாக உடைந்து சீழ் வடிந்து, வீக்கம் பாதியாகியிருந்தது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல் இல்லை. “பசிக்குது மச்சான். சாப்பிட்டுட்டு டாக்டரம்மாகிட்ட போய் எல்லாத்தையும் சொல்லிடறேன்” என்றான்.

அதற்குப் பிறகுதான் ஐயா, நான் நீல மை எடுக்கப் போனேன்.