இரண்டாவது சர்வர்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் காபி குடிப்பதில்லை. மோர் போதும். அன்றும் மோர் குடித்துவிட்டுத்தான் சர்வர் அறைக்குப் போனேன்.

திருப்போரூரில் உள்ள இந்த மருத்துவமனையின் கணினிப் பிரிவுக்கு நான் பொறுப்பாளன். பச்சிளங்குழந்தை வார்டில் எந்தத் தொட்டிலில் மூச்சு தடைப்பட்டாலும் நர்ஸ் மேசையில் மணி அடிக்கும். அதற்கு இரண்டு சர்வர்கள். ஒன்று நின்றால் மற்றது தானாக வேலையை எடுத்துக்கொள்ளும். அந்த ஏற்பாட்டைச் செய்தவன் நான். இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

ஏசுதாஸ் எனக்குக் கீழே வேலை பார்த்தவன். கொக்கிலமேட்டுப் பையன். என் வீட்டில், என் இலைக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவன். அந்தக் கை காய்வதற்குள் என் மகள் சஹானாவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். செய்தி தெரிந்த அன்றே மாமல்லபுரம் கடலில் தலை முழுகினேன். எங்கள் குடும்பத்தில் அதன்பின் அவள் இறந்தவள்தான். வேலையை விட்டுவிடுங்கள் என்றாள் என் மனைவி ஜெகதாம்பாள். துரோகம் செய்தவன் இருக்க, நான் ஏன் போக வேண்டும்? அவன் போக வேண்டும், தலைகுனிந்து போக வேண்டும். என் நோக்கம் அவ்வளவுதான்.

போன வாரம் அவன் ஸ்வீட் பெட்டியோடு வந்தான். "சார், பொண்ணு பொறந்துகீது. எட்டு மாசத்துலயே. நம்ம வார்டுலதான் வெச்சிகீறாங்க, ஆறாவது தொட்டில். ஒரு தபா வந்து பாருங்க சார்."

"யாருக்குப் பிறந்தது?"

"இன்னா சார் இப்டி கேக்கறீங்க? மாமான்னு கூப்ட்டாத்தான் வருவீங்களா?"

சிரித்தான். அந்த உரிமையைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

மறுநாள் அவன் சாப்பிடப் போனதும் அவனுடைய கணக்கில் நுழைந்தேன். கடவுச்சொல்லை ஒரே முயற்சியில் யூகித்தேன். என் மகளுக்கு நான் சூட்டிய பெயரையே வைத்திருந்தான். சர்வர்கள் மாறும் முறை 'தானாக' என்றிருந்ததை 'கையால்' என்று மாற்றினேன். பிறகு முதல் சர்வரை நிறுத்தினேன். இரண்டாவது சர்வர் பக்கத்திலேயே, விளக்கெல்லாம் எரிய, உத்தரவுக்குக் காத்திருந்தது. பழுது முழுவதும் அவன் பெயரில் பதிவாகியிருக்கும்.

மணி அடிக்கும் என்று நம்பி நர்ஸ் இன்னொரு குழந்தைக்குப் பாலூட்டிக்கொண்டிருந்தாள். அவள்மேல் குற்றமில்லை. மற்றக் குழந்தைகள் நன்றாகவே இருக்கின்றன. அதையும் நீங்கள் என் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஆறாவது தொட்டிலின் நிலவரம் எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். என் திரையில் அந்த மூச்சுக்கோடு தடுமாறியது. சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்த பிறகுதான் சர்வரை நிறுத்தினேன்.

மாலையில் சஹானா வராந்தாவில் என்னை வழிமறித்தாள். "நீங்க இருக்கற எடம்னுதாம்ப்பா இங்க வந்து சேர்ந்தேன்" என்றாள். பிள்ளை பெற்ற உடம்போடு, தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, அத்தனை ஊழியர்கள் முன்னால் என்னை அப்பா என்று கூப்பிட்டாள். குடும்ப மானத்தை அவள் என்றைக்குமே நினைத்துப் பார்த்ததில்லை.