பழுப்புச் செருப்புக்காரி

— தட்டு, முத்துமீனா.

— தட்ட மாட்டேன். கீழ பாரு ராஜஸ்ரீ, செருப்பு கெடக்கு. மேடம் ரூம்ல ஆளிருக்கு.

— அதே பழுப்புச் செருப்பா?

— அதேதான். தீவாளிக்கு முன்னாடி இருந்து பாக்குறேன், எப்ப வந்தாலும் எனக்கு முந்தி உள்ள போயி உக்காந்துக்கிறா.

— பிஎச்டி பண்ற அக்கா யாராச்சும் இருக்கும். இம்புட்டுப் பெரிய யுனிவர்சிட்டியில பி.எஸ்சி. பிள்ளைங்கள யாருடி மதிக்கிறா?

— மூணு மணிக்கு மேல எப்ப வேணா வாங்கன்னு கிளாஸ்ல சொன்னாங்களே.

— வழியில பாத்தவங்கள வீட்டுக்கு வாங்கன்னு சொல்றதில்லையா, அந்த மாதிரிதான்.

— அப்ப வா, போயிருவோம். அலங்காநல்லூர் பஸ்ஸாச்சும் கெடைக்கும்.

— லூசு! இன்னிக்குக் கேக்கலேன்னா படிப்பையே விட்டுருவேன்னு நீதானடி சொன்ன?

— ஆமா. பன்னெண்டாவதுல கணக்குல நூத்துக்கு நூறு. தமிழ்ல படிச்சவ. இங்க போர்டுல என்ன எழுதுறாங்கன்னே வெளங்கல. திங்கக்கெழமையில இருந்து திருமங்கலத்துல சித்தி கூட தையலுக்குப் போறேன்னு எங்கய்யாகிட்ட சொல்லிட்டேன்.

— என்ன சொன்னாரு?

— சோத்துல கைய ஒதறிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு.

— அப்பத் தட்டுடி!

— ஒருத்தி பேசிக்கிட்டு இருக்கையில நடுவுல போனா நல்லாவா இருக்கும்? இந்தச் செருப்பப் பாரேன், வாரு அந்து தச்சிருக்கு. நம்ம மாதிரி வீட்டுப் புள்ளதான். அவளுக்கு மட்டும் எங்கேருந்து அம்புட்டுத் தைரியம்?

— வெளிய வரட்டும், அவளையே கேப்போம்.

— மெதுவாப் பேசு. கதவு தெறக்குது.

— யாரும்மா? என்ன வேணும்?

— ஒண்ணுமில்ல மேடம், சும்மா...

— இவளுக்கு டவுட்டு மேடம். உள்ள இருக்கறவங்க முடிச்சதும் வர்றோம்.

— உள்ள யாருமே இல்லையே.

— செருப்பு கெடக்கே மேடம். தெனமும் கெடக்கும். ஆளிருக்குன்னு எங்க கிளாஸே வந்து வந்து திரும்பிப் போயிருக்கு.

— எல்லாருமா? அடக் கடவுளே. அது என் செருப்பும்மா. வீட்டுப் பழக்கம், வாசல்ல கழட்டாம உள்ள வரமாட்டேன்... ஏய், நீ ஏம்மா அழற?

— நானு படிப்ப விடுறேன்னு வீட்ல சொல்லிட்டேன் மேடம். எனக்கு ஒண்ணுமே புரியல. தமிழ்ல கேட்டா திட்டுவீங்களா?

— தமிழ்லயே கேளு, மொதல் பாடத்துலேருந்து கேளு. இரு, இந்தச் செருப்ப உள்ள எடுத்துப் போட்டுடறேன். நீங்களும் செருப்போடயே வாங்க. இல்லேன்னா அடுத்த பிள்ளை திரும்பிப் போயிடும்.

— கோவமா மேடம்?

— கோவமா? தெனம் இந்தக் கதவையே பாத்துண்டு உக்காந்திருந்தேன். பிள்ளைகளுக்கு நம்மளப் பிடிக்கல போலிருக்கு, வேலைய விட்டுடறேன்னு நேத்துதான் எங்காத்துல சொன்னேன். சாயங்காலம் விடலேன்னு நீ உங்கய்யாகிட்டச் சொல்லு, நான் எங்காத்துக்காரர்கிட்டச் சொல்லிடறேன்.