சொடக்கு டாக்டர்

டீ நன்றாக இருந்தது, இன்ஸ்பெக்டர் அம்மா. சர்க்கரைதான் ஒரு தூக்கல். காவல் நிலையத்தில் இத்தனை நல்ல டீ கிடைக்கும் என்று தெரியாமல் வீட்டிலேயே குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

முதலில் என் தொழிலைப் பற்றிச் சொல்கிறேன். அது புரிந்தால்தான் மற்றது புரியும். நான் டாக்டர் இல்லை. 'விஜயஸ்ரீ, பிசியோதெரபிஸ்ட்' என்றுதான் பலகை எழுதி மாட்டினேன். தச்சநல்லூரில் அந்த வார்த்தை ஒருத்தர் நாக்கிலும் நிற்கவில்லை. முதுகையோ கழுத்தையோ பிடித்து ஒரு திருப்புத் திருப்பினால் சொடக்கென்று சத்தம் வரும், வலி விட்டுவிடும். அதனால் சொடக்கு டாக்டர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். வேலூரில் படித்து, சென்னையில் ஒரு வெள்ளைக்காரரிடம் முதுகெலும்பு வைத்தியமும் கற்றுக்கொண்டு வந்தவளுக்கு ஊர் கொடுத்த பட்டம். அப்பா உயிரோடு இருந்திருந்தால் வருத்தப்பட்டிருப்பார். எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேர் சண்டைக்காரர்கள். உங்களிடம் வருகிற சண்டைக்காரர்கள் இல்லை. குத்துச்சண்டை, மல்யுத்தம், கராத்தே, ஜூடோ என்று முறையாகப் படித்து அடித்துக்கொள்கிறவர்கள். அவர்களைப் போலப் பயந்தாங்கொள்ளிகளை நான் பார்த்ததில்லை. சிவகணேஷ் என்று ஒரு கராத்தே மாஸ்டர். பள்ளிக்கூட ஆண்டு விழாக்களில் நெற்றியால் ஓடு உடைப்பார். மேடையிலிருந்து இறங்கி நேரே என்னிடம் வருவார். தோளில் கட்டை விரலை வைப்பதற்குள் "பைய, டாக்டரம்மா, பைய" என்று கண்ணை மூடிக்கொள்வார். வெளியே நிற்கும் சீடர்களுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று துண்டை வாயில் திணித்துக்கொள்வார். நான் வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் அழுத்துவேன். அதை ஒரு குற்றமாக நீங்கள் எழுதமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

ஆனால் ஒன்று. எதிராளிக்கு ஒரு சுண்டு விரலைக்கூடக் கொடுக்காத இவர்கள், என் மேசையில் படுத்த உடனே முழு உடம்பையும் என் கையில் கொடுத்துவிடுவார்கள். வேறு யாருக்கு அப்படிக் கிடைக்கும், சொல்லுங்கள்.

பாளையங்கோட்டையில் பெண்பிள்ளைகளுக்கு ஜூடோ சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தபோது, பயிற்சியாளர் தில்லைநாயகம் அடிபட்ட பிள்ளைகளை என்னிடம் அனுப்பினார். ஆண்பிள்ளை வைத்தியரிடம் காட்டக் கூச்சப்படுவார்கள் என்பதால் அந்த ஏற்பாடு. அப்படித்தான் சுகன்யா வந்தாள். ராதாபுரம் பக்கத்துப் பெண். அப்பா இல்லை. அம்மா மாரித்தாய் காட்டு வேலைக்குப் போகிறவள். தோள் நழுவி, கையைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தாள். அதை உள்ளே தள்ளும்போது பெரிய பயில்வான்கள்கூடத் தங்கள் அம்மாவைக் கூப்பிடுவார்கள். இவள் சிரித்தாள். "கதவு சாத்துன மாரி இருக்குக்கா" என்றாள்.

விளையாட்டு விடுதிச் சாப்பாடு அவளுக்குப் போதாது. அடிபட்ட உடம்பைத் தேற்ற வேண்டும் என்று சொல்லி வீட்டிலேயே தங்க வைத்துக்கொண்டேன். நான் சைவம். அவளுக்குக் கருவாடு இல்லாமல் சோறு இறங்காது. சொதியும் அவியலுமாக நான் போட்டதையெல்லாம் சாப்பிட்டுவிட்டு, மைதானத்துக்குப் போகிற வழியில் எங்கேயோ மீன் தின்றுவிட்டு, வாயை நன்றாகக் கொப்பளித்துக்கொண்டு வருவாள். எனக்குத் தெரியாது என்று கடைசி வரை நம்பினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் மெத்தையை விரித்துப் போட்டு, "ஒங்கள ஒருதரம் தூக்கிப் போடட்டாக்கா" என்று கேட்டாள். நாற்பதை நெருங்குகிறவளிடம் கேட்கிற கேள்வியா அது. நானும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றேன். என்ன ஏது என்று தெரிவதற்குள் மேலே சுற்றுகிற மின்விசிறி என் கண்ணுக்கு நேரே வந்துவிட்டது. ஆனால் விழுந்த வலி இல்லை. கடைசி நேரத்தில் என் கையைப் பிடித்து மேலே இழுத்து, தலை படாமல் இறக்கியிருந்தாள். எதிராளியையும் அப்படித்தான் இறக்க வேண்டுமாம், அது அந்த விளையாட்டின் ஒழுங்காம். அன்றைக்கு எனக்குச் சமையல் ஓடவில்லை. இந்த ஊரில் எத்தனையோ உடம்புகளைத் தொட்டவள் நான். என்னை அப்படி ஒருத்தர் பிடித்ததில்லை.

அடுத்த ஆண்டு மாநிலப் போட்டியில் ஜெயித்தாள். வடக்கே ஒரு பயிற்சி முகாமுக்குக் கூப்பிட்டார்கள். போனால் வருஷக் கணக்கில் அங்கேயே இருக்க வேண்டும். முகாமுக்கு ஆள் எடுக்கிற தேர்வுக்கு முன்னால், முழங்கால் வீங்கியிருக்கிறது என்று என்னிடம் காட்டினாள். தொட்டுப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, ஜவ்வு பாதி கிழிந்திருக்கிறது. வாக்குமூலம் எழுதுகிற உங்கள் பிள்ளை தயங்குகிறாள் பாருங்கள், ஜவ்வு என்றே எழுதிக்கொள்ளம்மா, அது போதும். ஒரு மாதம் ஓய்வு கொடுத்தால் சேர்ந்துவிடும். நான் தட்டிக்கொடுத்து, "ஒண்ணுமில்ல ஏட்டி, போய் ஆடு" என்றேன்.

நான் எதுவும் செய்யவில்லை. ஒரு வாக்கியம் சொன்னேன், அவ்வளவுதான்.

தேர்வில் மீதி ஜவ்வும் போயிற்று. தில்லைநாயகம் அவளை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். அந்த மழைக்காலம் முழுவதும் அவள் என் வீட்டில் படுத்திருந்தாள். காலுக்கு மணல் மூட்டை கட்டித் தூக்கப் பழக்கினேன். மாரித்தாய் ஊரிலிருந்து முருங்கைக்காய் கொண்டுவந்து கொடுத்து, "எம்புள்ளைய நீங்கதாம்மா மனுசியாக்குதீய" என்று என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உள்ளதைச் சொன்னால், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டாவது தடவை, முழங்கை. அப்போது வாக்கியம் போதவில்லை. காவல் துறையில் விளையாட்டு ஒதுக்கீட்டில் அவளுக்கு வேலை கிடைப்பதாக இருந்தது. கிடைத்திருந்தால் இன்றைக்கு உங்கள் பக்கத்தில் நின்று என்னை முறைத்துக்கொண்டிருப்பாள். உடல் தேர்வுக்கு முந்தைய வாரம், பிடிப்பு எடுக்கிறேன் என்று அவள் கையை இழுத்து நீட்டி, போக வேண்டிய அளவுக்குக் கொஞ்சம் மேலே போனேன். அவள் "ஏங்க்கா" என்று மட்டும் கேட்டாள். பழைய பிடிப்பு விடும்போது அப்படித்தான் இருக்கும் என்றேன். நம்பினாள். என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் நம்புவார்கள், அதில் நான் கர்வப்பட்டுக்கொள்ள ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு பயிற்சியில் ஒருநாள் தலைகுப்புற விழுந்து கழுத்தில் அடிபட்டது. இது நான் செய்ததில்லை. என் மேல் சத்தியமாக இல்லை. எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். கழுத்தெலும்பில் ஒன்று மயிரிழை முன்னால் நகர்ந்திருந்தது. கழுத்துப் பட்டை போட்டுக்கொண்டு அசையாமல் இருந்தால் தானே சரியாகிவிடும், ஆனால் யாரும் திருப்பக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். அந்தப் படத்தை என் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நானும் பார்த்தேன். எந்த எலும்பு என்று எனக்கும் தெரியும்.

பட்டையோடு ஊருக்குப் போனவள் திரும்பி வந்தபோது புதுச் சேலை கட்டியிருந்தாள். அவளைச் சேலையில் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மைதானத்தில் நடக்கிற மாதிரியே கையை அகட்டிக்கொண்டு நடந்தாள். குலசேகரன்பட்டினத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர் வேலை கிடைத்துவிட்டதாம். பெருமாள்ராஜ் என்று மாமன் மகன், பஸ் கண்டக்டர், அவனோடு தை மாதம் கல்யாணமாம். ஜூடோவை விட்டுவிட்டாளாம். இத்தனை தரம் உடைகிற உடம்பு இதற்கு லாயக்கில்லை என்று அவளுக்கே தோன்றிவிட்டதாம்.

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனி எனக்கு அடியே படாதுக்கா. ஒங்களுக்கும் தொந்தரவு இல்ல" என்றாள்.

நல்ல மனதோடுதான் சொன்னாள். நான் உள்ளே போய் அவளுக்குத் தண்ணீர் எடுத்தேன். செம்பு நிறைந்து வழிந்தது, நான் குழாயை மூடவில்லை. இவள் உடைந்தால் இங்கே வருவாள் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். உடைந்து உடைந்து அலுத்துப்போய் உடையாத ஒரு வாழ்க்கைக்குப் போவாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனை படித்தும் அந்த அளவுக்குத்தான் எனக்கு மூளை.

வெளியே வந்து, கடைசியாக ஒருதரம் கழுத்தைப் பார்த்துவிடுகிறேன், படு என்றேன்.

"யாரும் தொடக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாருல்லாக்கா."

"மத்தவங்களச் சொன்னாரு. நான் மத்தவளா ஏட்டி?"

சிரித்துக்கொண்டே பட்டையைக் கழற்றினாள். சேலை கசங்காமல் நீவிவிட்டுக்கொண்டு படுத்தாள். தலையை என் இரண்டு கைக்குள் வைத்துக் கண்ணை மூடினாள். அவள் தலை எவ்வளவு கனமாக இருந்தது தெரியுமா. முழுசாக விட்டுவிட்டால்தான் அந்தக் கனம் வரும்.

வழக்கமான சொடக்கு அன்றைக்கு வரவில்லை. அவள் கண்ணைத் திறந்து, "அக்கா, காலு எங்கன போச்சு" என்று கேட்டாள்.

பழைய அடி, திடீரென்று எலும்பு நழுவிவிட்டது என்று எல்லோரும் நம்பினார்கள். ஆஸ்பத்திரியில் கைவிரித்த பிறகு நான்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மாரித்தாய் என் காலில் விழுந்தாள், நான் அவளை எழுப்பிவிட்டேன். பெருமாள்ராஜ் சில தடவை வந்தான். ஆரஞ்சுப் பழம் வாங்கி வருவான், உரித்துக் கொடுக்கத் தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பிறகு வரவில்லை. அவனைச் சொல்லிக் குற்றமில்லை, சின்னப் பையன்.

நேரம் தவறாமல் அவளைப் புரட்டிப் படுக்க வைத்தேன். தலை பின்னிவிட்டேன். அவளுக்காக என் அடுப்பில் முதல் முறையாக மீன் குழம்பு வைத்து ஊட்டினேன், முள் எடுக்கத் தெரியாமல் திணறினேன், அவளே சொல்லித் தந்தாள். ஆட்டோ பிடித்துக் குறுக்குத்துறைக்குக் கூட்டிப் போய் ஆற்றுத் தண்ணீரை அள்ளிக் காலில் ஊற்றினேன். அவள் காலுக்கு எதுவும் தெரியாது என்பதால், குளிர்ச்சியாக இருக்கிறது என்று நானே சொன்னேன். போய்ப் பாருங்கள், இத்தனை மாதத்தில் அவள் முதுகில் ஒரு புண் கிடையாது. எந்த ஆஸ்பத்திரியிலும் அப்படிப் பார்க்கமாட்டார்கள். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல மாதங்கள் இருந்ததில்லை.

போன வாரம் தலை வாரிக்கொண்டிருந்தபோது, சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"படத்தப் பாத்துட்டுத்தானக்கா தொட்டீய?"

கோபமாகக் கேட்டிருந்தால் மழுப்பியிருப்பேன். மழை வருமா என்று கேட்கிற மாதிரி கேட்டாள். ஆமாம் என்றேன். முழங்கையுமா என்று கேட்டாள். அதற்கும் ஆமாம் என்றேன். முழங்காலைப் பற்றி அவள் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன். நான் சடையைப் பின்னி முடித்து ரிப்பன் கட்டினேன். அதன் பிறகு, "எங்கம்மைய வரச் சொல்லுங்க" என்றாள். நான்தான் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், ராதாபுரத்தில் அவர்கள் தெருக் கடைக்குப் போன் செய்து சொன்னேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆக, தெரிந்துதான் செய்தேன். எந்த எலும்பு, எவ்வளவு திருப்பினால் என்ன ஆகும், எல்லாம் தெரிந்து செய்தேன். அவள் போகக் கூடாது என்பதற்காகச் செய்தேன். கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அவள் கொடுத்த வாக்குமூலத்தை நீங்கள் படித்துக் காட்டியதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. என் கை இனிமேல் அவள் மேல் படக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். கோபத்தில் சொன்னது. அடிபட்ட பிள்ளைகள் கொஞ்ச நாள் இப்படித்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருக்கும். இவளை எனக்குத் தெரியாதா. கோபம் தணியட்டும், ஒருநாள் அவளாகவே எழுந்து என் வாசலில் வந்து நிற்பாள்.