கட்டிடத்து டெபாசிட் பணம் குறித்து நுஹாத் சப்பாக் சொன்னது

பெயர்: நுஹாத் சப்பாக். தந்தை: காலஞ்சென்ற ஆரிஃப் சப்பாக். வயது: ஐம்பத்து நான்கு. தொழில்: வீட்டிலேயே பல் செட் செய்து கொடுப்பது. முகவரி: பழைய உப்புக் கிடங்குக்கு எதிர்க் கட்டிடம், மூன்றாம் மாடி, அல் மீனா, திரிப்போலி. விசாரணை: ஹாஜி அபூ நிசார் என்பவருடைய ஜெனரேட்டரின் டீசல் தொட்டியில் மணல் கொட்டப்பட்டது தொடர்பாக. சாட்சி தானாகவே நிலையத்துக்கு வந்து சொன்னது.

நான் மேற்படி முகவரியில் பிறந்தது முதல் வசித்து வருகிறேன். திருமணம் ஆகவில்லை. எனக்கு ஒரே தம்பி, பெயர் ஹைசம், வயது நாற்பத்தொன்று. எங்கள் தாய் இறந்தபோது அவன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான், அதன் பிறகு அவனை வளர்த்தது நான்தான். எலக்ட்ரீஷியன் படிப்புக்கு அனுப்பியதும், அவன் திருமணத்துக்குக் கட்டிலும் அலமாரியும் வாங்கிப் போட்டதும் நான்தான். அவனுடைய இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை இப்போதும் நான் கட்டி வருகிறேன். அதிகாரி கேட்டதால் இதைச் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் அரசாங்கக் கரண்ட் நாளுக்கு மூன்று நான்கு மணி நேரம் வரும், சில நாள் அதுவும் வராது. மற்ற நேரமெல்லாம் தெருக்கோடியில் இருக்கும் அபூ நிசாரின் ஜெனரேட்டர்தான். பல் சுடும் அடுப்பு ஓடும்போது கரண்ட் நின்றால் உள்ளே இருக்கும் பல் கீறல் விட்டுவிடும், அதனால் ஜெனரேட்டர் இல்லாமல் எனக்குப் பிழைப்பு இல்லை. எங்கள் கட்டிடத்தில் மொத்தம் பன்னிரண்டு வீடு. இணைப்பு வாங்கும்போது வீட்டுக்கு நூறு டாலர் டெபாசிட் கட்டினோம். எப்போது வேறு ஜெனரேட்டருக்கு மாறினாலும் அதைத் திருப்பித் தருவதாக அபூ நிசார் வாயால் சொன்னார், எழுத்தில் எதுவும் இல்லை. அந்தக் காலத்தில் நூறு டாலர் என்றால் ஒன்றரை லட்சம் லிரா, எந்தக் கடையிலும் இரண்டில் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள்.

என் தம்பி ஹைசம் அபூ நிசாரிடம் பல வருடம் லைன் பார்க்கவும் பில் வசூலிக்கவும் வேலையில் இருந்தான். கடந்த இலையுதிர் காலத்தில் அவரோடு சண்டை போட்டுவிட்டு, மீன் சந்தைக்குப் பின்னால் புதிதாக ஜெனரேட்டர் போட்ட ஷாதி என்பவரிடம் சேர்ந்தான். அதன் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை என் வீட்டுக்கு வந்து, மீன் சோறு சாப்பிட்டுவிட்டு, சோபாவில் சாய்ந்துகொண்டு பேச்சை எடுத்தான்.

"அக்கா, அந்தாளு மீட்டரப் பாக்கறதே இல்ல. பால்கனியில எத்தன துணி காயுதுன்னு பாத்துட்டு பில்லு போடறான். ஷாதிகிட்ட யூனிட்டுக்குக் கம்மி. இணைப்புக்கும் காசு கிடையாது."

"அத நீயே கட்டிடத்துல சொல்லேன்டா."

"நான் சொன்னா, நேத்து வரைக்கும் அவனுக்கு வசூல் பண்ணவன்தானே, போடாம்பாங்க. நீ சொன்னா கட்டிடமே கேக்கும்."

அதன் பிறகு நான் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கிப் பேசினேன். முதல் மாடி உம் ரியாத், அதாவது ரியாதின் தாய், எனக்கு இருபது வருடத்துக்கு மேல் பழக்கம். அவர் மட்டும் உடனே சம்மதிக்கவில்லை. கத்தரிக்காய்க்குள் அரிசி அடைத்துக்கொண்டே, "உன் தம்பிய நம்பி ஒண்ணும் மாறல நுஹாத். உன் முகத்துக்காக மாறறேன், ஞாபகம் வச்சிக்க" என்றார். கடைசியில் பன்னிரண்டு வீடும் மாறுவதாக முடிவாயிற்று.

டெபாசிட்டைத் தனித்தனியாகப் போய்க் கேட்டால் அபூ நிசார் இழுத்தடிப்பார் என்றும், மொத்தமாகத் தானே வாங்கி வந்து தருவதாகவும் ஹைசம் சொன்னான். எல்லோரும் அபூ நிசாருக்குப் போன் செய்து, பணத்தை ஹைசமிடம் கொடுத்துவிடும்படி சொன்னார்கள். கட்டிடத்தின் சார்பில் நானும் பேசினேன். அபூ நிசாரின் கீழ்ப்பல் செட் நான் செய்து கொடுத்தது. அவர் போனில், "உன் தம்பின்னா எனக்குச் சரி தங்கச்சி. நீ செஞ்ச பல்ல வாயில வச்சிக்கிட்டு உன்கிட்டயே பொய் பேசுவேனா?" என்று சிரித்தார். கட்டிடம் மொத்தமும் கைவிட்டுப் போகிறது என்பதில் அவருக்கு வருத்தம் இருந்தது, ஆனால் கோபமாகப் பேசவில்லை.

அதன் பிறகு ஷாதியின் ஆட்கள் வந்து மீட்டர்களை மாற்றினார்கள். அந்த வாரக் கடைசியில் ஹைசம் வந்து, எல்லோரையும் மாடிப்படியில் கூட்டி, வீட்டுக்கு ஒன்றரை லட்சம் லிரா நோட்டாகக் கொடுத்தான். இன்றைய விலைக்கு அது இரண்டு டாலர்கூட வராது. "டாலராக் குடுன்னு சண்ட போட்டேன். அன்னிக்கு ரெண்டும் ஒண்ணுதான, கணக்கு லிராவுலதான் இருக்குன்னு மூஞ்சியில எறிஞ்சிட்டான்" என்று சொன்னான். யாரும் சந்தேகப்படவில்லை. நாங்கள் டாலராகப் போட்ட சேமிப்பையும் வங்கி இப்படித்தான் பழைய கணக்கில் லிராவாகத் தந்திருந்தது. என் கையிலும் அதே ஒன்றரை லட்சத்தைத்தான் வைத்தான். என் கையில் வைக்கும்போது இரண்டு முறை எண்ணினான்.

உம் ரியாத் அந்த நோட்டுகளைப் பிரித்துப் பார்த்து, "இதுக்கு ரெண்டு கிலோ வெங்காயம் வருமாடி?" என்று கேட்டார். அதன் பிறகு அவர் வீட்டுச் செருப்போடு தெருவில் இறங்கி, ஜெனரேட்டர் பக்கத்தில் நின்ற அபூ நிசாரைப் பார்த்துக் கத்தி, ஒரு செருப்பைக் கழற்றி அவர் மீது எறிந்தார். அது அவர் தோளில் பட்டது. நான் என் பால்கனியில் நின்று, தெருவே கேட்கும்படி அவரைத் திருடன் என்று சொன்னேன். அவர் என்னை அண்ணாந்து பார்த்து, கைகளை விரித்து ஏதோ சொன்னார். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்ததால் அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவர் பலமுறை என் போனுக்கு அழைத்தார், நான் எடுக்கவில்லை. பல் செட் ஈறில் குத்துகிறது என்று சரி பார்க்க ஆளிடம் கொடுத்து அனுப்பினார், அதையும் திருப்பி அனுப்பினேன். பழைய மாதத்துக்கான அவருடைய கடைசி பில்லை, ஹைசம் சொன்னபடி, யாரும் கட்டவில்லை.

அதன் பிறகு ஒரு நாள் காலையில் அபூ நிசாரின் ஜெனரேட்டர் நின்றுபோனது. டீசல் தொட்டியில் மணல் கொட்டியிருப்பதாகப் பேசிக்கொண்டார்கள். உம் ரியாதின் மகன் ரியாத், ஓட்டல் வேலையில் இருப்பவன், முந்தைய வாரம் காப்பிக் கடையில் உட்கார்ந்து, "அந்தக் கிழவன் தொட்டியில கடக்கரையையே கொண்டுபோய்க் கொட்டறேன் பாரு" என்று பேசியிருக்கிறான். அதனால் அவனைப் போலீசார் அழைத்துச் சென்றார்கள். உம் ரியாத் என் வீட்டுக்கு வந்து அழுதார். நான் ஹைசமிடம் சொல்லி ஏதாவது செய்கிறேன் என்றேன்.

அதற்கு மறுநாள் ஷாதியின் முதல் பில் வந்தது. இலவசம் என்று சொன்ன இணைப்புக்கு அதில் கட்டணம் போட்டிருந்தது. ஹைசம் போனை எடுக்காததால், நானே மீன் சந்தைக்குப் பின்னால் உள்ள ஷாதியின் அலுவலகத்துக்குப் போனேன். ஷாதியை அதுவரை நான் நேரில் பார்த்ததில்லை. அவர் எழுந்து நின்று நாற்காலி கொடுத்தார்.

"உங்களுக்கா கட்டணம் போட்டாங்க? பங்காளியோட அக்காவுக்கே பில்லு போட்டா ஊர் சிரிக்காதா? பையன் தப்பா அடிச்சிட்டான், விடுங்க."

"யாருக்கு யார் பங்காளி?"

"ஹைசம்தான். உங்களுக்குத் தெரியாதா? உங்க கட்டிடத்துல மீட்டர் மாத்தின வாரம், கையில டாலரா கொண்டாந்து என் ஜெனரேட்டர்ல பங்கு போட்டாரே. அக்கா குடுத்ததுன்னார்."

நான் கொடுக்கவில்லை என்று ஷாதியிடம் சொல்லவில்லை. பில்லை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அங்கிருந்து நேராக அபூ நிசாரின் வீட்டுக்கு நடந்து போனேன். அவர் கீழ்ப்பல் இல்லாமல் பருப்புக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டார். டெபாசிட்டை எப்படிக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"டாலராத்தான். பன்னெண்டு வீட்டுக்கும் ஆயிரத்து இருநூறு. அதோ, அந்த மேசையில உக்காந்து உன் தம்பி எண்ணி எடுத்துக்கிட்டான். வேணும்னா என் வீட்டுக்காரியக் கேளு."

"ஏன் ஹாஜி அன்னிக்கே சொல்லல?"

"தெருவுல நின்னு வேற என்ன கத்தினேன்? என் ஜெனரேட்டர் சத்தம் எனக்கே வினையாயிடுச்சு. போன் போட்டேன், நீ எடுக்கல. உன் வீட்டுப் படியேறி வந்து உன் தம்பி திருடன்னு சொல்ல எனக்கு வாய் வரல தங்கச்சி."

அதன் பிறகு நான் ஹைசமின் வீட்டுக்குப் போனேன். அவனும் அவன் மனைவி லமீஸும் இருந்தார்கள், பிள்ளைகள் பள்ளியிலிருந்து வரவில்லை. லமீஸ் காப்பி கொண்டுவந்து வைத்தாள். நான் ஷாதி சொன்னதையும் அபூ நிசார் சொன்னதையும் சொன்னேன். அவன் மறுக்கவில்லை.

"கடனாத்தான் எடுத்தேன் அக்கா. லாபம் வர ஆரம்பிச்சதும் ஒவ்வொரு வீடாக் குடுத்துடலாம்னு."

"யாரக் கேட்டு எடுத்த?"

"உன்கிட்ட கேட்டிருந்தா நீ குடுத்திருப்பல்ல?"

"என் பணம்னா குடுத்திருப்பேன். அது உம் ரியாதோட பணம்டா. அவ மகன் ஸ்டேஷன்ல இருக்கான்."

"ரெண்டு நாள்ல விட்டுடுவாங்க. வாய்க்கொழுப்புப் புடிச்சவன், அவனா பேசினான், அவனா மாட்டிக்கிட்டான். நான் என்ன பண்றது?"

அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "கோவிச்சுக்காத. இனிமே உனக்கு பில்லே கிடையாது, அடுப்ப எவ்வளவு நேரம் வேணா ஓட்டிக்க. இந்தப் பேச்ச இங்கயே விட்டுடு" என்றான். லமீஸ் என்னைப் பார்த்து, "அவர் யாருக்காகச் செஞ்சார்? பிள்ளைங்களுக்குத்தானே அண்ணி" என்றாள். நான் காப்பியைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். அந்த வீட்டில் நான் காப்பி குடிக்காமல் எழுந்தது அதுதான் முதல் முறை.

அதன் பிறகு கட்டிடத்துக்குத் திரும்பி, மேல் மாடியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி, நடந்ததைச் சொன்னேன். சிலர் என்னை உட்காரச் சொன்னார்கள். ஐந்தாம் மாடிக்காரர், பங்கில் எனக்கு எவ்வளவு என்று கேட்டார். உம் ரியாதின் வீட்டுக்குக் கடைசியாகப் போனேன். நான் சொல்லி முடிக்கும்வரை அவர் நின்றுகொண்டே கேட்டார், பிறகு கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டார். வழக்கமாக அவர் கதவை அறைந்துதான் சாத்துவார்.

இன்று காலை நான் நிலையத்துக்குக் கிளம்பும்போது ஹைசம் போன் செய்தான். "பணத்த உன்கிட்ட குடுத்துட்டேன்னு மட்டும் சொல்லு அக்கா, மீதிய நான் பாத்துக்கறேன். வீட்டு விஷயத்த எதுக்குப் போலீஸ்ல சொல்ற?" என்றான். நான் இணைப்பைத் துண்டித்துவிட்டு வந்தேன்.

மணலைக் கொட்டியது யார் என்று எனக்குத் தெரியாது. ரியாத் கொட்டியிருந்தால், நான் பால்கனியில் நின்று கத்தியதை நம்பித்தான் கொட்டியிருப்பான். இதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டேன். ரியாத் மீது தனக்குச் சந்தேகம் இல்லை என்று அபூ நிசார் இன்று எழுதிக் கொடுத்திருப்பதாகவும், அவனை மாலையில் அனுப்பிவிடுவதாகவும் அதிகாரி சொன்னார்.

அக்கா தம்பிக்குள் பேசிச் சமரசம் செய்துகொள்ள விருப்பமா என்று அதிகாரி கேட்டார். இல்லை என்றேன். பதினோரு வீட்டுப் பணமும் டாலராகவே திரும்ப வேண்டும், அபூ நிசாரின் கடைசி பில்லை நாங்கள் கட்டிவிடுகிறோம் என்றேன். என் நூறு டாலரை விட்டுக்கொடுக்கிறேனா என்றும் கேட்டார். அதையும் சேர்த்தே கேட்கிறேன். நான் விட்டுக்கொடுத்தால், அவன் எடுத்ததை நானே கொடுத்ததாக வெளியில் சொல்லிக்கொள்வான். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை முன்போலவே கட்டுவேன், ஆனால் அவன் கையில் கொடுக்காமல் பள்ளியில் நேராகக் கட்டுவேன்.

இதுவரை சொன்னது எல்லாம் நான் கண்டதும் கேட்டதும் செய்ததும்தான். யாரும் மிரட்டிச் சொல்லவில்லை, யாருக்காகவும் கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை. அதிகாரி எனக்கு முழுவதும் வாசித்துக் காட்டினார். என் தம்பி என்று வரும் இடங்களில் எல்லாம் எதிரி ஹைசம் என்று மாற்றிக்கொள்ளலாமா, குற்றம் சாட்டப்பட்டவரை அப்படி எழுதுவதுதான் வழக்கம் என்றார். வேண்டாம், என் தம்பி என்றே இருக்கட்டும், ஷாதியிடம் மாறச் சொல்லி வேறு யார் வந்து கேட்டிருந்தாலும் நான் பதினோரு வீட்டுக் கதவைத் தட்டியிருக்க மாட்டேன் என்றேன். அப்படியே விட்டுவிட்டார்.

(கையொப்பம்)
நுஹாத் சப்பாக்