போர்டுல இருக்கிற பேரு

கையை விடுங்க அக்கா, நான் எங்கயும் ஓடிரல. அறுபத்தாறு வயசுல இந்தப் பனியில ஓடினா விழுந்துதான் கெடப்பேன். ஆமா, திருப்புளிதான், வீட்லேர்ந்து கொண்டாந்தேன். மூணு ஸ்க்ரூ கழட்டியாச்சு. நாலாவது துருப்பிடிச்சு வரமாட்டேங்குது.

திருடறேனா? இந்தத் தகர போர்டை வச்சு நான் என்ன பண்ண? தினம் இதும் பக்கத்துல ஒக்காந்து கம்பளி பின்னிக்கிட்டே காவல் காக்கறீங்களே, நீங்களே படிங்க. விவசாயி யெர்மலாய் சுக்லோவ் கட்டின வீடு. கட்டினாராம்! மியூசியத்துக்காரங்க இந்த வீட்டைக் கட்டை கட்டையாப் பிரிச்சு, பினேகா ஆத்துல படகேத்திக் கொண்டாந்து இங்க நிறுத்தினதுலேர்ந்து, போர்டுல பேரை மாத்துங்கன்னு ஆறு வருசமா எழுதறேன். போன மாசம் ஆபீஸ்ல ஒரு பொண்ணு, நகமெல்லாம் சிவப்பு, சொல்லுது, பழைய பதிவுல அவர் பேருதான் இருக்கு பாட்டி, சாட்சி கொண்டாங்கன்னு. சாட்சியெல்லாம் மண்ணுக்குள்ள போயாச்சு.

அவரு எங்கப்பாதான். யாரு இல்லேன்னா? செவரு இடுப்பு ஒசரம் வந்தப்போ, மரக்கிடங்குல சமைச்ச ஒருத்தியோட படகேறிப் போயிட்டாரு. நான் அப்போ வயித்துல. மீதிக் கட்டையெல்லாம் எங்கம்மாவும் சித்தியும் கயிறு போட்டு இழுத்து ஏத்துனது. கட்டை இடுக்குல குளிர்காத்து வராம பாசி அடைச்சது, கூரை போட்டது, எல்லாம் அவங்கதான். கூரை மேல இருக்கறப்பதான் அம்மாவுக்கு வலி கண்டுச்சாம். கையில இருந்த ஆணிய அடிச்சு முடிச்சிட்டு எறங்கினேன்னு, என்னமோ உப்பு கேக்கற மாதிரி சொல்லுவாங்க.

வெறும் பேருதானேன்னு சொல்லாதீங்க. என்னை யாராச்சும் மரியாதையா அப்பன் பேரு சேத்து, யெர்மலாயெவ்னான்னு கூப்பிட்டா, அம்மா எந்திரிச்சுப் பக்கத்து அறைக்குப் போயிடுவாங்க.

போலீசக் கூப்பிடணுமா, கூப்பிடுங்க. அரை மணி நேரம் கழிச்சுக் கூப்பிடுங்க, அதான் கேக்கறேன்.

எதுக்கா? அம்மா வந்துட்டிருக்காங்க. வாசல் கேட்ல கார்லேர்ந்து எறக்கி, என் மக கைத்தாங்கலாக் கூட்டிட்டு வர்றா. எண்பத்தொம்பது. வீட்டைப் பிரிச்ச நாள்லேர்ந்து ஒரு தடவகூடப் பாக்கணும்னு சொன்னதில்ல. நேத்து டாக்டர் வந்துட்டுப் போனப்புறம் கேட்டாங்க. கண்ணு நல்லாத் தெரியுது அவங்களுக்கு, அதுதான் எனக்குப் பயமே. பாத்துட்டுப் போகட்டும், நானே திரும்ப மாட்டிக் குடுத்துட்டுப் போறேன்.

என்னக்கா, பின்னுற ஊசிய எங்க வைக்கறீங்க? ...சரி, நீங்க அந்தப் பக்கம் புடிங்க. பாத்து, ஓரம் கையக் கிழிச்சிரும்.