டாக்டர் போகலாம், பேர் இருக்கட்டும்

காஜா பெராங் பஸ் நிறுத்தத்தில் அன்று காலை நின்றவர்கள்: வாத்துக் கூடையோடு ஒரு சீனப் பெண். ஒரு மலாய்ப் போலீஸ்காரர். பெரிய பெட்டியோடு ஒரு தமிழ் டாக்டர். அவர் பின்னாலேயே மூச்சிரைக்க ஓடிவந்த ஓர் ஆள். அப்புறம் நான்.

ஓடிவந்தவர் சொன்னார்: “நீங்க சிங்கப்பூருக்குப் போங்க, டாக்டரய்யா. உங்க பேர மட்டும் இங்க விட்டுட்டுப் போங்க.”

“என்ன பேசுற, மாரிமுத்து?”

“நாங்க கொசு புடிக்கிற இந்த யானைக்கால் ஆராய்ச்சிக்குக் கவர்மெண்டு பணம் குடுத்ததே உங்க பேரப் பாத்துத்தானே? நீங்க போனா பணம் நின்னுருமுன்னு கணக்கெழுதுற கிராணி சொல்றாரு.”

“வேற டாக்டர் வருவாரு.”

“எங்கேருந்து? சுதந்திரம் வந்ததும் வெள்ளக்காரங்க கப்பலேறிட்டாங்க. கவர்மெண்டு ஒத்துக்கிற ஆளு நீங்க ஒருத்தர்தான். மாசம் ஒருக்கா வந்து தலயக் காட்டுங்க, போதும்.”

“மெதுவாப் பேசு. வேலை செய்யாம என் பேர்ல பணம் வந்தா என்னத்தான் உள்ள தள்ளுவான்.”

போலீஸ்காரர் திரும்பிப் பார்த்தார். டாக்டர் குரலைத் தாழ்த்தினார்.

“அங்க ரெட்டைச் சம்பளம், மாரிமுத்து. எனக்கும் பிள்ளைங்க இருக்கு.”

“எங்க வீட்ல மட்டும் என்ன, கொசுவா வளக்குறோம்?”

பஸ் வந்தது. டாக்டர் பெட்டியைத் தூக்கினார். மாரிமுத்து அதன் பிடியைப் பிடித்தார். கண்டக்டர் சத்தம் போட்டதும் விட்டுவிட்டார். டாக்டர் ஏறி உட்கார்ந்தார். ஜன்னல் வழியாகக் கேட்டார்:

“எத்தன ஆளுக்கு வேலை போகும்?”

“என்னையும் சேத்தா?”

“சேத்துத்தான்.”

பஸ் நகர்ந்தது. மாரிமுத்து கூடவே நடந்தார்.

“பதினொண்ணு.”