நாலாவது கலர்

— ஏங்க, அந்த டப்பாவை மூடி வச்சாத்தான் என்னவாம்? வீடு பூரா ஆஸ்பத்திரி வாசனை.

— ஸ்பிரிட்தானே, ஜன்னலைத் திறந்தா போயிடும். இங்க வா, வந்து பாரேன். நேத்து ஊறப்போட்ட இஞ்சின் இது. ஆரஞ்சுப் பெயிண்ட் எப்படிச் சுருங்கிக் கிடக்கு பாரு, பால் ஆடை மாதிரி. தொட்டாலே உரியுது.

— பார்த்தேன். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.

— சொல்லு, காது சும்மாத்தான் இருக்கு. அந்தப் பழைய டூத்பிரஷ்ஷை இப்படித் தள்ளு.

— இது பழசு இல்ல. என்னோடது.

— போச்சுடா. சரி, இனிமே இது இஞ்சினோடது. உனக்குப் புதுசு வாங்கித் தரேன், கோவிச்சுக்காத.

— கோவம் இல்லங்க. போதும், விட்டுடுங்களேன். ஒரு பொம்மை ரயிலுக்கு எத்தனை தடவைதான் அடிக்கிறது, எத்தனை தடவைதான் சுரண்டறது?

— நம்ம ஸ்டேஷன் மாஸ்டரம்மாவுக்காகத்தானே செய்யறேன். பெத்த பொண்ணுக்கு இதைக்கூடச் செய்யலன்னா நான் என்ன அப்பன்? முதல்ல நீலம் அடிச்சேன், கறுப்பாத் தெரியுதுப்பான்னா. சிவப்பு அடிச்சேன், அதுவும் மங்கிடுச்சு. ஆரஞ்சு நல்லா இருக்குன்னுதான் சொன்னா. ஆனா போன வாரம் நீயும் பார்த்தியே, இஞ்சின் கண்ணு முன்னாடி இருக்கு, கை எங்கேயோ போய்த் தேடுது. பழுப்பு மேஜை மேல ஆரஞ்சை வச்சா யாருக்குத்தான் தெரியும்? தப்பு என்னோடது.

— மேஜையோடதும் இல்ல, உங்களோடதும் இல்ல.

— அதனாலதான் இப்போ மஞ்சள். சும்மா மஞ்சள் இல்ல, கண்ணைப் பறிக்கிற மஞ்சள். காலையில கடை கடையா ஏறி இறங்கி வாங்கிட்டு வந்திருக்கேன். கண் டாக்டரம்மா என்ன சொன்னாங்க? பளிச்சுன்னு இருக்கறது இன்னும் கொஞ்ச நாளைக்குத் தெரியும்னாங்களா இல்லையா?

— தெரியலாம்னாங்க.

— அதைத்தான் நானும் சொல்றேன்.

— இல்லங்க. நீங்க சொல்றது வேற.

— ஆரம்பிச்சுட்டியா? நல்ல வார்த்தையே வராதா உன் வாயில?

— சரி, அடிக்கிறதுதான் அடிக்கிறீங்க, இருக்கிற ஆரஞ்சு மேலயே அடிச்சிடக் கூடாதா? எதுக்கு இப்படி உக்காந்து முதுகை ஒடிச்சுக்கிறீங்க?

— அடேங்கப்பா, பிரஸ்ல மை கலக்கறவன் பொண்டாட்டி கேக்கற கேள்வியா இது? ஆரஞ்சு மேல மஞ்சள் அடிச்சா அழுக்கு மஞ்சள்தான் வரும். அதோட, பூச்சு மேல பூச்சு ஏறினா கதவு, கைப்பிடி, ஜன்னல் ஓரம் எல்லாம் மொழுகிப் போயிடும். அடியில இருக்கிற சாம்பல் பிளாஸ்டிக் வரைக்கும் போகணும். மூலை முடுக்கெல்லாம் பல்குச்சி விட்டு நோண்டணும். அப்புறம் சோப்புத் தண்ணியில கழுவி, காய வச்சு, ஒரு வெள்ளைப் பூச்சு. அதுக்கு மேல அடிச்சாத்தான் மஞ்சள் மஞ்சளா நிக்கும்.

— முதல் பெட்டியையும் இப்படித்தான் பெரிசா ஆரம்பிச்சீங்க.

— அது தின்னர் பண்ணின வேலை. ஸ்பிரிட்லதான் ஊறப்போடணும்னு எனக்கு அப்போ யார் சொன்னா? பிளாஸ்டிக் குழைஞ்சு கூரையே உள்ள விழுந்துடுச்சு. நான் தலையில கை வச்சு உக்காந்திருக்கேன், இவ வந்து, "விடுப்பா, விபத்துன்னு அறிவிச்சிடலாம்"னா பாரு! எவ்ளோ சிரிச்சோம்!

— உங்களுக்கு ஆறுதல் சொன்னா. எப்பவும் அவதான் உங்களுக்குச் சொல்றா.

— என் அம்மா மாதிரி அவ.

— நான் ஒண்ணு சொல்லட்டுமா? பெயிண்ட் வேண்டாம். இஞ்சினுக்கு ஒரு சின்ன மணி கட்டிடுங்க. ஓடினா சத்தம் கேக்கும், எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சுக்குவா.

— மணியா?

— சின்னதா.

— மணி கட்டின பொம்மையை யாருக்குக் குடுப்பாங்க? என் பொண்ணு என்ன, கண்ணு இல்லாதவளா? இன்னொரு தடவை இந்த வீட்டுல அந்தப் பேச்சு வந்தா பாரு!

— மெதுவாப் பேசுங்க, தூங்கறா.

— போன ஞாயித்துக்கிழமை ஆரஞ்சுப் பெட்டியைக் கையில குடுத்து என்ன கலர்னு கேட்டேன். டக்குன்னு சொன்னாளா இல்லையா?

— அதுக்கு முந்தின நாள் பூரா ஆரஞ்சு, ஆரஞ்சுன்னு நீங்கதானே வீட்டைச் சுத்திச் சுத்தி வந்தீங்க.

— இப்போ என்ன சொல்ல வர்ற?

— ஒண்ணும் இல்ல. நீங்க தேய்ங்க.

— எனக்குத் தெரியாதுன்னு நினைக்கிறியா? ரயில்வே கேட்ல வண்டி போனா ஒவ்வொரு பெட்டிக்கும் கலர் சொல்லிக் கத்துவா. இப்போ சத்தம் வர்ற பக்கமாத் தலையை மட்டும் திருப்புறா. நான் பார்க்கலயா? பார்த்துட்டுத்தானே இருக்கேன். பயமா இருக்குடி எனக்கு. பிரஸ்ல எல்லா மிஷினுக்கும் நான்தான் கலர் பார்க்கறேன், மயிரிழை மாறினாக்கூட நிறுத்திடுவேன். என் பொண்ணு கண்ணுக்குத் தெரியற மாதிரி ஒரே ஒரு கலர், அதைக் கொண்டுவர முடியலன்னா நான் எதுக்கு இருக்கேன், சொல்லு?

— அழாதீங்க. அந்தக் கையோட கண்ணைத் தொடாதீங்க, எரியும்.

— மஞ்சள் தெரியும். தெரிஞ்சே ஆகணும். சாயங்காலத்துக்குள்ள ஒரு பெட்டியாவது முடிச்சு, எழுந்ததும் அவ மடியில வைக்கப் போறேன்.

— அதுக்கு முன்னாடி நான் சொல்ல வந்ததைக் கேட்டுடுங்க. காலையிலேர்ந்து சொல்லத்தான் பார்க்கறேன்.

— என்னன்னு சொல்லித் தொலையேன்.

— நீங்க பெயிண்ட் வாங்கப் போயிருந்தீங்கல்ல, அப்போ ஜன்னல் பக்கம் காய வச்சிருந்த பெட்டியை எடுத்துக்கிட்டு என்கிட்ட வந்தா.

— நேத்துக் கழுவி வச்சதா? அதுல இன்னும் ஒண்ணுமே அடிக்கலையே. வெறும் பிளாஸ்டிக் அது.

— ஆமாங்க.

— சும்மா விளையாட எடுத்திருப்பா.

— நேத்துப் பூரா மஞ்சள், மஞ்சள்னீங்கல்ல, அடிச்சு முடிச்சிட்டீங்கன்னு நினைச்சுட்டா. "மஞ்சள் ரொம்ப நல்லாத் தெரியுதும்மா, அப்பா வந்ததும் மறக்காம சொல்லிடு, இல்லன்னா பாவம், திரும்பவும் சுரண்ட உக்காந்துடுவாரு"ன்னா.